தவணை

ஏழாம் தவணைக்கு
விசுவமடுவில் ஐந்தே முக்கால் பஸ்.
முழுக்கைச் சட்டை.
வெய்யிலுக்கு என்று கொண்டக்டர் நினைக்கட்டும்.
பரந்தனில் இறங்கி மாறும்போது
மீன்பெட்டியோடு நின்றவர் கேட்டார்,
"பிள்ளை, கோட்டுக்கோ?"
கையிலிருந்த பைல் சொல்லியிருக்கும்.

கூண்டில் அவர்.
(இன்னும் "அவர்" என்றுதான் வாயில் வருகிறது.)
நீலச் சேட்டு.
அதன் மூன்றாம் பொத்தான் நான் தைத்தது,
நூலின் நிறம் கொஞ்சம் மாறும்.
இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது.

கொடுத்தது:
வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, பூச்சு முடியாதது.
ஆறரைப் பவுண்.
டொனேஷன் ஐந்து லட்சம் என்று பேசி
நாலுதான் கொடுத்தோம்.
மிச்ச ஒன்று
ஒவ்வொரு இரவும் சோற்றுக்கோப்பைக்குப் பக்கத்தில்
வந்து குந்தியிருக்கும்.
அதற்குப் பதிலாக
அம்மாவின் முக்கால் ஏக்கரை எழுதித்தா என்றார்கள்.
அது பெர்மிட் காணி,
பிரதேச செயலகத்தில் ஒப்பமில்லாமல்
எழுத ஏலாது என்று சொன்னேன்.
சொன்ன அன்று பின்னேரம்
மண்ணெண்ணெய்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து கேட்டபோது
"குப்பிவிளக்கு சரிஞ்சது" என்றேன்.
மாமி சேலைன் கம்பியைப் பிடித்தபடி நின்றா.
எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது.
குப்பிவிளக்கு என்று ஒன்று இருக்கவேயில்லை.
எழுதிய பொலிஸ் அதைக் கேட்கவில்லை.
நீங்களும் ஒருவரும்
இதுவரை கேட்கவில்லை.

அவருடைய சட்டத்தரணி
சத்தம் போடாத மனிதர்.
"தங்கச்சி, 2009இல் எங்கே இருந்தீர்கள்?"
"மாத்தளனில்."
"வயது?"
"பதின்மூன்று."
"காயம் பட்டதா?"
"பட்டது."
"நீங்கள் இருந்த கொட்டில்?"
"எரிஞ்சது."
"ஆக, உங்கள் உடம்பில் ஏற்கெனவே..."
அவர் அதை முடிக்கவில்லை.
பின்வாங்கில் ஒருவர் தலையாட்டினார்,
வன்னியில் ஆரிடம்தான் இல்லை
என்பதுபோல.

அரச சட்டத்தரணி எழும்ப முதலே
நீதிபதி என்னைப் பார்த்தார்.
எது எந்தக் காயம் என்று
உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஐயா,
கெண்டைக்காலில் இருப்பது ஷெல்.
அதை விட்டவனுக்கு என்னைத் தெரியாது.
பங்கருக்குள் எங்களோடு
ஒரு ஆடும் இருந்தது,
அதற்கும் அதே துண்டுதான் பட்டது.

முழங்கையில் தொடங்கிக் கழுத்துவரை ஏறுவது
பெயர் சொல்லி வந்தது.
"கஜந்தினி, இஞ்ச ஒருக்கா வா."
கைகழுவிவிட்டுப் போனேன்.
கூப்பிட்ட குரலில் கோபம்கூட இல்லை ஐயா.

தட்டச்சுச் சத்தம் நின்றது.
பிறகு தொடங்கியது.
பிரதியில் பார்த்தேன்,
ஒரு வரி:
சாட்சி இரு காயங்களையும் வேறுபடுத்திக் கூறுகிறார்.
ஆட்டைக் காணவில்லை.
கைகழுவியதைக் காணவில்லை.

சட்ட வைத்திய அதிகாரி மாற்றலாகிப்
பொலன்னறுவைக்குப் போய்விட்டாராம்.
அழைப்பாணை திரும்பி வந்திருக்கிறது.
நவம்பர் பதினெட்டு என்றார்கள்.
அவர் என்னைக் கடந்துதான் வெளியே போனார்,
அதே சவர்க்கார வாசம்.
வெளியில் பாக்குமரத்தடியில் மாமி
அவருக்கு ரொட்டி பிரித்துக் கொடுத்தா.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது.
நாளை வெள்ளி.
அந்த நாலு லட்சத்துக்கு அம்மா எடுத்த கடனுக்கு
மோட்டச்சைக்கிளில் ஒரு பெடியன் வருவான்,
ஒன்பது மணிக்கு, படலையடியில்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
அவனும் தவணை என்றுதான் சொல்லுவான்.
மழையென்றாலும் செத்தவீடென்றாலும்
அவனுடையதை மட்டும்
ஒருவரும் இன்னொரு நாளைக்குத்
தள்ளிப்போட்டதில்லை.